எல்லாம் காப்பி ஆச்சு, ஆனா ஆரம்பிக்கலை

2019 மார்கழியில் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கடலூர் மாவட்டத்துக் கோயில்களைப் பற்றி அவர் பல வருஷமாகச் சேர்த்த குறிப்புகள் ஒரு லேப்டாப்பில் இருந்தன. அவர் மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. மகள் வேலைக்குப் போய்ப் புதுசு வாங்கியதும் இது அப்பா கைக்கு வந்துவிட்டது. எட்டு வருஷம் ஓடிய ஹார்ட் டிஸ்க். உள்ளே ‘டிக்... டிக்...’ என்று சத்தம். எந்த டிஸ்க்குக்கும் அது மரியாதையான வயசுதான். யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. அப்போது கொடுத்த மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளம்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். நான் பார்த்த பிள்ளைகள் எல்லாம் விண்டோஸைத்தான் தொட்டார்கள். மாமா பாஸ் பக்கம் போனார். தமிழ்99 விசைப்பலகை தயாராக இருந்தது, வைரஸ் தொல்லை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

“குறிப்பையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்துடறேன் மாமா, புது மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்” என்றேன்.

“குறிப்பு மட்டும் போனா போதுமா மாப்ளே? விசைப்பலகை, எழுத்துரு, அகராதியில நான் சேர்த்து வெச்ச ஊர்ப் பேரு எல்லாம் அப்படியே வேணும். இந்த வயசுல இன்னொண்ணு பழக என்னால ஆகாது.”

நியாயமான பேச்சு. எழுபது தாண்டினவருக்குப் பழகின மேஜையை மாற்றினால் வேலை நின்றுவிடும். பிறகு யார் சொன்னாலும் திரும்ப ஆரம்பிக்க மாட்டார். எனவே கோப்புகளை மட்டும் எடுக்காமல் இயங்குதளத்தையே அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவது என்று முடிவு. கடலூரில் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்தேன்.

இங்கேதான் சிக்கல். பழையது 320, புதியது 240. டிஸ்க்கை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆகவே புது டிஸ்க்கில் நானே பார்ட்டிஷன்களைப் பிரித்து, கோப்புகளை நகலெடுத்தேன். ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி, எஸ்எஸ்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். டிஸ்க்கின் தலைப்பகுதியில் இருக்கும் துவக்க நிரலையும் மறக்காமல் எடுத்து வைத்தேன். இருபது வருஷமா இதே தொழில். ‘நமக்குத் தெரியாததா’ என்கிற தெனாவட்டு.

டிஸ்க்கை மாட்டிப் போட்டால் கறுப்புத் திரை. ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று ஒரு வரி. கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று காத்திருக்கிறது. விண்டோஸும் இல்லை, பாஸும் இல்லை.

மாமா எட்டிப் பார்த்தார். “எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன்னியே. அப்புறம் ஏன் ஆரம்பிக்க மாட்டேங்குது?”

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நகல் வேறு, இடமாற்றம் வேறு

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. இயங்குதளம் ஃபிளாப்பியில் இருக்கும். வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டுமென்றால் ஃபிளாப்பியை உருவி அங்கே செருகினால் போதும். 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது. 10 எம்பி ஹார்ட் டிஸ்க், கூடவே டாஸ் 2.0. இந்தக் கட்டுரையின் பிரச்சினை பிறந்தது அங்கேதான்.

மின்சாரம் வந்தவுடன் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு நிரலுக்கு டிஸ்க்கைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் செக்டரைப் படி, அதில் சொன்னபடி செய். அந்த முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு: தலா 16 பைட், நான்கே நான்கு வரிசை. மீதி 2 பைட் ‘இது சரியான செக்டர்தான்’ என்கிற முத்திரை. 10 எம்பி டிஸ்க்குக்காகப் போட்ட இந்தக் கணக்கு, 2 டெராபைட் டிஸ்க் வரும்வரை முப்பது வருஷம் தாக்குப்பிடித்தது.

446 பைட்டில் என்ன பெரிதாக எழுத முடியும்? அதனால் அஞ்சலோட்டம் மாதிரி ஏற்பாடு. முதல் செக்டர் அடுத்த சிறு நிரலைக் கூப்பிடும், அது அதைவிடப் பெரியதைக் கூப்பிடும், கடைசியில் இயங்குதளம் வரும். ஒவ்வொருவரும் ‘அடுத்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார்’ என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அறிவு போதாது.

எம்எஸ்-டாஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற இரண்டு மறைகோப்புகள் ஞாபகம் இருக்கலாம். டைரக்டரிப் பட்டியலில் அவை முதல் இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டும். சாதாரண காப்பி கட்டளை கொடுத்தால் கோப்பு பிட் பிசகாமல் வரும், மெஷின் ஆரம்பிக்காது. அதற்கென்று ‘சிஸ்’ என்று தனிக் கட்டளையே இருந்தது. கோப்பை நகலெடுப்பதும் இயங்குதளத்தை இடம் மாற்றுவதும் ஒன்றல்ல என்று அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸின் ஆரம்பக் காலத்தில், 1990களில், லிலோ என்று ஒரு துவக்கி. அது ஒருபடி மேலே. கெர்னல் கோப்பின் பெயரைக்கூட அது துவங்கும்போது பார்க்காது. டிஸ்க்கில் அந்தக் கோப்பு எந்தெந்த பிளாக்கில் கிடக்கிறது என்ற பட்டியலைத்தான் வைத்திருக்கும். அதே டிஸ்க்கில், அதே பெயரில் கெர்னலை நகலெடுத்து வைத்தாலும் பிளாக் மாறிவிடும். லிலோவை மறுபடி ஓட்டாவிட்டால் சிக்கல்தான், சில சமயம் ‘லி’ என்ற இரண்டெழுத்தோடு திரை நின்றுவிடும். இன்ஜினியரிங் படித்த காலத்தில் அந்த ‘லி’யைப் பார்த்து நடுங்கிய ராத்திரிகள் உண்டு.

அதே 1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கோஸ்ட் என்ற மென்பொருள் பிறந்தது. 1998-ல் சைமான்டெக் அதை வாங்கியது. அதன் பிறகு ‘நார்ட்டன் கோஸ்ட்’. இது கோப்பு கோப்பாகப் பார்க்காமல் டிஸ்க்கையே படம் பிடித்து வைக்கும். நம்ம ஊர் பிரௌசிங் சென்டர்களில் ராத்திரி கடை சாத்தியதும் இருபது மெஷினுக்கும் ஒரே படத்தை ஏற்றிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த இருபதும் ஒரே ரக மெஷினாக இருக்க வேண்டும். மதர்போர்டு மாறினால் எக்ஸ்பி நீலத் திரையில் விழும். டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவரே டிஸ்க்குக்குள் இல்லையென்றால் அது எப்படி மேலே போகும்?

இதற்கெல்லாம் மருந்தாக 2006-07 வாக்கில் லினக்ஸ் உலகம் வேறொரு வழிக்கு வந்தது. ‘முதல் டிஸ்க்கின் ஆறாவது பார்ட்டிஷன்’ என்று இடத்தைச் சொல்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத நீளமான அடையாள எண் ஒன்று. டிஸ்க்கை எந்த வயரில் மாட்டினாலும் அந்த எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள்ளும். விண்டோஸும் முதல் செக்டருக்குள் நான்கு பைட்டில் டிஸ்க்குக்கு ஒரு கையெழுத்து போட்டு வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் புது டிஸ்க்கில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டுக் கோப்புகளை மட்டும் நிரப்பினால் எண்ணும் புதிது, கையெழுத்தும் புதிது. உள்ளே எல்லாம் இருக்கும். ஆனால் அது பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நான் செய்த தப்பு இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பழைய டிஸ்க்கில் ஸ்வாப் ஐந்தாவது பார்ட்டிஷன், பாஸ் ஆறாவது. நான் ஸ்வாப்பை விட்டதால் பாஸ் ஐந்தாவது ஆகிவிட்டது. பத்திரமாக எடுத்து வைத்த துவக்க நிரலோ ‘ஆறாவதைக் கொண்டா’ என்கிறது. ஆறாவது இல்லை.

மாமா சொன்ன கதை

இதை நான் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் மாமா, “இது நம்ம கோயில்லயே நடந்திருக்கே” என்றார். எனக்கு அரைகுறையாகத் தெரிந்த கதைதான். அன்றைக்கு முழுசாகச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தேவாரம் எப்படித் திரும்பக் கிடைத்தது என்பதைச் சொல்லும் நூல் திருமுறை கண்ட புராணம். 14-ம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்குவது. அதன்படி, தேவாரத்தைத் தேடிய சோழ மன்னன் காட்டுமன்னார்கோவில் பக்கத்துத் திருநாரையூருக்கு நம்பியாண்டார் நம்பியிடம் போகிறான். தில்லைக் கோயிலில் மூவர் கைக்குறி போட்டுப் பூட்டிய அறையில் ஏடுகள் இருப்பதாக நம்பி சொல்கிறார். மூவரும் வந்தால்தான் திறக்க முடியும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அறை திறக்கிறது. உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து ஏடுகளை எடுக்கிறார்கள். பெரும்பகுதி செல்லுக்கு இரை. மிஞ்சியதை நம்பி ஏழு திருமுறையாக வகுக்கிறார்: முதல் மூன்றும் சம்பந்தர், அடுத்த மூன்றும் அப்பர், ஏழாவது சுந்தரர்.

பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். ஆனால் புராணம் நிற்கவில்லை. ஏடு கிடைத்துவிட்டது, சொல் கிடைத்துவிட்டது. எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. தேவாரம் படிக்க மட்டும் எழுதிய நூல் இல்லை, பண்ணோடு பாடுவது. அந்தப் பண் ஓலையில் இல்லை. மன்னனும் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். இன்றைக்கு விருத்தாசலம் பக்கம் ராஜேந்திரப்பட்டினம் என்று சொல்கிற ஊர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. அவர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் பண் இருந்தது. அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து, பதிகங்களுக்குப் பண் அடைவு செய்கிறார்கள். திருநாரையூர், தில்லை, எருக்கத்தம்புலியூர் மூன்றும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள்தான்.

அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. மன்னன் பெயர் வருகிறது, நம்பி பெயர் வருகிறது. ‘காப்பி ஆச்சு, ஆரம்பிக்கலை’ என்று நின்ற இடத்தில் ஆரம்பித்து வைத்தவருக்கு ‘பாணர் மரபில் வந்த பெண்’ என்பதுதான் அடையாளம்.

ஒரு ஆராய்ச்சிக் குறிப்பும் சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வரலாறு படித்தவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். புராணம் எழுதப்பட்டது சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முந்நூறு வருஷம் பின்னால். அதில் வரும் மன்னன் முதலாம் ராஜராஜன்தான் (985–1014) என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைவிட முக்கியம், ராஜராஜனுக்கு முன்பே கோயில்களில் பதிகம் பாடியதற்குக் கல்வெட்டு இருக்கிறது. வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில், 9-ம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் வருகிறார்கள். ஆகவே தேவாரம் ஒட்டுமொத்தமாக மறைந்து, ஒரே அறையிலிருந்து திரும்பி வந்தது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கங்கே சிலர் தொண்டையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆனால் கல்வெட்டு புராணத்தின் மையத்தை உடைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. எதை நம்பி ஒரு பாட்டு அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று சோழர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அதோடு ஒரு நிபந்தனை: இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும், அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைக்க வேண்டும். பாடுகிறவர் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏட்டுக்கும் வழி செய்யாமல் இல்லை. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன், மூவர் பாடலைச் செப்பேட்டில் எழுதி வைத்ததாகச் சிதம்பரம் கல்வெட்டுப் பாடல் சொல்கிறது. செல் அரிக்காத டிஸ்க்! 2023 ஏப்ரலில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் மண்ணைத் தோண்டும்போது ஐம்பொன் சிலைகளோடு 400-க்கு மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. அவற்றில் தேவாரப் பாடல்கள். செய்தி வந்த அன்று மாமா எனக்கு மூன்று தடவை போன் செய்தார்.

ஓலை, செம்பு, அச்சு, இப்போது இணையம். சொல் ஒவ்வொரு தடவையும் பத்திரமாக மாறியிருக்கிறது. பண்ணின் கதி வேறு. இன்று ஓதுவார்கள் பண்களுக்கு நேராக ஒரு ராகம் வைத்துத்தான் பாடுகிறார்கள்: தக்கேசிக்குக் காம்போதி, காந்தார பஞ்சமத்துக்குக் கேதார கௌளை, வியாழக்குறிஞ்சிக்கு சௌராஷ்டிரம். யாழ் போய்விட்ட மெஷினில் பழைய இயங்குதளத்தை ஓடவைக்க எழுதிய புது டிரைவர் என்று இதைச் சொல்வேன். குறையாகச் சொல்லவில்லை. ஓடுகிறதே, அதுதான் பெரிசு.

கடலூரில் நடந்தது

எல்லா இடமாற்றமும் இப்படித் தவிப்பில் முடிவதில்லை. கடலூரிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கிழக்குக் கரை நிர்வாகம் முழுக்க அந்தக் கோட்டையில் இருந்தது. ஆளுநர் கைதி. ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தர் தப்பித்துக் கடலூர் வந்து சேர்ந்தார். மையம் விழுந்தது. ஆனால் நிர்வாகம் நிற்கவில்லை. கடலூர் புனித டேவிட் கோட்டையிலிருந்து அது தொடர்ந்தது.

எப்படி? எதையும் மூட்டை கட்டி எடுத்து வர அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் 1690-ல் மராத்தியரிடம் வாங்கியதிலிருந்தே அந்தக் கோட்டை தனியாக இயங்கக்கூடிய இடம். துணை ஆளுநர், அவருக்குக் கீழ் ஒரு சபை, கணக்குப் பிள்ளைகள், கிடங்கு, சிப்பாய் எல்லாம் அங்கே ஏற்கனவே உண்டு. மேலே உள்ளவர் போனால் அடுத்து யார் என்பதும் முன்பே தெரியும். ‘இன்றிலிருந்து நாங்கள்தான்’ என்று அவர்கள் சொன்னால் போதுமாக இருந்தது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால், ஏற்கனவே துவங்கி ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு டிஸ்க்.

1748 ஐ-லா-ஷாப்பேல் உடன்படிக்கைப்படி 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகும் தலைமையிடம் உடனே நகரவில்லை. 1752-ல்தான் சென்னைக்குப் போனது. போனது நல்லதாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்று பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

தில்லையில் உள்ளடக்கம் கிடைத்தது, துவக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கடலூரில் உள்ளடக்கம் எதிரி கையில், துவக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். இரண்டில் கடலூர்தான் சீக்கிரம் எழுந்தது.

மறுபடி மாமா வீட்டுக்கு

பென் டிரைவில் இருந்த ஒரு லினக்ஸைக் கொண்டு மெஷினை ஆரம்பித்தேன். அதற்குள்ளிருந்து புது டிஸ்க்கின் பாஸுக்குள் நுழைந்து மூன்று வேலை. ஒன்று, கிரப்பைப் புதிதாக நிறுவி, பாஸ் இப்போது எங்கே இருக்கிறது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு, கிரப்பின் பட்டியலைப் புதிதாக எழுதவைத்தேன். மூன்று, மெஷின் எழும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை மாட்ட வேண்டும் என்று சொல்லும் கோப்பில் பழைய அடையாள எண்களை அடித்துவிட்டுப் புதியதைப் போட்டு, ஸ்வாப் வரியை நீக்கினேன். விண்டோஸ் பக்கம் டிஸ்க் கையெழுத்து மாறியதால் அது தனியாக முரண்டு பிடித்தது. அதன் பழுதுபார்ப்பு வசதியை இரண்டு தடவை ஓட்டிய பிறகு வந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு பாஸின் திரை வந்தது. மாமா ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்து, தமிழ்99-ல் ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்று தட்டினார். அகராதி சிவப்புக் கோடு போடவில்லை. “வந்துடுச்சு” என்றார்.

நீங்களும் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தில் நாலு விஷயம்:

முதலில் கோப்புகளைத் தனியாக வேறிடத்தில் எடுத்து வையுங்கள். இயங்குதளத்தை மாற்றும் வேலையை அதற்குப் பிறகு தொடுங்கள்.

புது டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருந்தால் பிட் பிட்டாக முழு நகல் எடுப்பதே நிம்மதி. அடையாள எண், கையெழுத்து எல்லாம் அப்படியே வரும். ஆனால் நகல் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே மெஷினில் சேர்த்து மாட்டி ஆரம்பிக்காதீர்கள். ஒரே அடையாளத்தில் இரண்டு பேர் இருந்தால் அது யாரைக் கூப்பிடும்?

புது மெஷின்களில் பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ. அங்கே ‘எதை ஆரம்பிப்பது’ என்கிற குறிப்பின் ஒரு பகுதி டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க்கை எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் அது கூட வராது.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் மாமா ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். “அடுத்த தடவை நீ இல்லாதப்போ இது நின்னு போனா? நீ செஞ்சதையெல்லாம் வரிசையா எழுதிக் குடு. அவகிட்டயும் ஒரு தடவை சொல்லி வெச்சுடு.” பார்ட்டிஷன் வரிசை, அடையாள எண்கள், கொடுக்க வேண்டிய கட்டளைகள் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். வீடியோ காலில் அவர் மகளை உட்காரவைத்து, பென் டிரைவிலிருந்து ஆரம்பிப்பது வரை செய்யச் சொல்லிக் காட்டினேன். ‘இதெல்லாம் எனக்கெதுக்குண்ணா’ என்று சிணுங்கிக்கொண்டேதான் செய்தாள்.

போன வருஷம் அந்த எஸ்எஸ்டியும் இடம் மாற வேண்டி வந்தது. மெஷினின் திரை போய்விட்டதால் வேறொரு பழைய லேப்டாப்புக்கு. எனக்குத் தகவலே மறுநாள்தான் தெரியும். அவளே மாற்றியிருந்தாள், லேப்டாப் பையில் இருந்த நோட்டைப் பார்த்து.